எழுபது ரூபாய் விளக்கும் பத்தாண்டுச் சிறையும்

ஓசூரைச் சுற்றியுள்ள ஊர்களிலும், எல்லைக்கு அப்பால் சிக்கபள்ளாபூர்ப் பகுதியிலும் இரவுப் பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து செல்வோர் ஒரு காட்சியைக் கண்டிருக்கக்கூடும். இருண்ட வயல்வெளியின் நடுவே ஒரு துண்டு நிலம் மட்டும் கல்யாணப் பந்தல்போல ஒளிர்ந்துகொண்டிருக்கும். வரிசை வரிசையாகக் கம்பி இழுத்து, வீட்டுக்கு வாங்கும் சாதாரண எல்.இ.டி. குமிழ்களையே அதில் தொங்கவிட்டிருப்பார்கள். அது சாமந்தித் தோட்டம். இரவு நீண்டால் சாமந்தி மொட்டு வைக்கும். அதை உழவர் இப்போது விரும்பவில்லை. செடி இன்னும் உயரட்டும், பண்டிகைக்குக் கணக்காகப் பூக்கட்டும் என்று இரவின் நடுவே விளக்கைப் போட்டுச் செடியை ஏமாற்றுகிறார். குறும்பகல் தாவரம் என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டிருக்க வேண்டியதில்லை. அனந்தபுரம், கடப்பைப் பக்கம் டிராகன் பழம் வைத்திருப்பவர்கள் செய்வது இதற்கு நேர்மாறானது. அது நீள்பகல் தாவரம் என்பதால், குளிர்காலத்து நீண்ட இரவை விளக்கால் உடைத்துப் பருவமில்லாப் பருவத்தில் பூக்க வைக்கிறார்கள். வியட்நாமின் பின் துவான் பகுதியில் பல ஆண்டுகளாக நடந்துவரும் தொழில்நுட்பம் இது.

2023 ஜூன் மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் ஒரு வாடகை வீட்டைக் காவல்துறை சோதனையிட்டது. மருத்துவ மாணவர்கள் சிலர் செயற்கை ஒளியின் கீழ்க் கஞ்சாச் செடி வளர்த்ததாக வழக்குப் பதிவாயிற்று. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 2021-இல், பெங்களூருவை அடுத்த பிடதியில் ஒரு வாடகை மாளிகையில் இதேபோன்ற உள்ளறைச் சாகுபடி பிடிபட்டது. இரண்டு செய்திகளும் நாளேடுகளில் 'ஹைடெக் கஞ்சா' என்ற தலைப்போடு வெளிவந்தன. அந்த அறைகளில் ஒளிர்ந்த விளக்கின் இயற்பியலும் சாமந்தித் தோட்டத்து விளக்கின் இயற்பியலும் ஒன்றுதான். தொழில்நுட்பத்தைக் கண்டு வியந்து முடித்துவிடும் செய்திகள், அந்த மாணவர்கள் எதிர்கொள்ளும் சட்டத்தை வாசகருக்கு விளக்குவதே இல்லை.

சித்தூரும் திருப்பதியும் இந்த விவாதத்துக்குப் பொருத்தமான இடங்கள். 2022 ஏப்ரல் 4 வரை ஒரே மாவட்டமாக இருந்தவை. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் நிலம். வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் 1954 முதல் இயங்குகிறது, வேளாண் கல்லூரி 1961-இல் வந்தது, 2015-இல் ஐ.ஐ.டி.யும் ஐசரும் சேர்ந்தன. விடுதியில் இடம் கிடைக்காத ஆயிரக்கணக்கான மாணவர்கள் வாடகை அறைகளில் தங்கிப் படிக்கிறார்கள். விசாகப்பட்டினத்து மலைப்பகுதியிலிருந்து தமிழகம் நோக்கிக் கடத்தப்படும் கஞ்சா கூடூர், ரேணிகுண்டா வழியே வருவதும், தொடர்வண்டிகளில் அவ்வப்போது பிடிபடுவதும் இப்பகுதியினருக்குப் புதிய செய்தியல்ல. ஒளியின் கீழ்ச் செடி வளர்க்கும் அறிவு, சிறிய வாடகை அறை, இணையத்தில் கிடைக்கும் மலிவு விளக்கு, கஞ்சா பற்றிய அரைகுறைச் சட்ட அறிவு ஆகிய நான்கும் ஒரே ஊரில் கூடினால் விளைவு என்ன ஆகும் என்று கேட்பது மிகையான கவலை ஆகாது.

சட்டத்திலிருந்தே தொடங்கலாம். 1985 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 'கஞ்சா' என்பதைச் செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிப்பகுதி என்று வரையறுக்கிறது. நுனியோடு சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வரா. வடநாட்டில் பாங்கு விற்பனை இன்றும் நடப்பது இந்த இடைவெளியில்தான். மாணவர் வட்டங்களில் சட்டம் தெரிந்தவர்போல் பேசுபவர் இதை மட்டும் படித்துவிட்டு, 'பூக்காத செடி குற்றமாகாது' என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். அது பெரும்பிழை. அதே சட்டத்தின் 8-ஆம் பிரிவு 'கஞ்சாச் செடி' எதையும் பயிரிடுவதைத் தடை செய்கிறது; கஞ்சாச் செடி என்பதற்குச் சட்டம் தரும் பொருள், அந்தப் பேரினத்தைச் சேர்ந்த எந்தச் செடியும் என்பதே. பூத்ததா, இல்லையா, போதை தரும் டி.எச்.சி. எத்தனை விழுக்காடு என்ற கேள்விகளுக்கு அங்கே இடமே இல்லை.

தண்டனையில் இருக்கும் ஏற்றத்தாழ்வைச் சட்டக் கல்லூரிகள்கூடப் போதிய அளவு விவாதிப்பதில்லை. ஒரு கிலோ வரை கஞ்சா 'சிறிய அளவு' எனப்படும். அதை வைத்திருந்தால் 20-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். புகைத்ததற்கு 27-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை. பயிரிட்டதற்கோ பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும். பயிரிடுதலில் சிறிய அளவு, வணிக அளவு என்ற படிநிலையே கிடையாது. மலைச்சரிவில் பத்து ஏக்கர் பயிரிட்ட கும்பலும், தொட்டியில் ஒற்றைச் செடி வைத்த இருபது வயது மாணவனும் ஒரே உட்பிரிவின் கீழ் நிற்கிறார்கள். தொள்ளாயிரம் கிராம் கஞ்சாவைப் பையில் வைத்திருப்பவன் ஓராண்டை எதிர்நோக்க, ஒரு கிராம்கூட விளையாத நாற்றை வைத்திருப்பவன் பத்தாண்டை எதிர்நோக்குகிறான். இறுதித் தண்டனை நீதிபதியின் கையில் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் வழக்குப் பதிவாகும் நாளிலிருந்து தீர்ப்பு வரும் நாள்வரை அந்த மாணவனின் பட்டமும் கடவுச்சீட்டும் வேலையும் இந்தப் பத்தாண்டு என்ற எண்ணின் நிழலில்தான் இருக்கும்.

அறைத் தோழர்களும் எளிதில் தப்ப முடியாது. 35-ஆம் பிரிவு குற்றமனம் இருந்ததாகவே நீதிமன்றம் ஊகிக்க வேண்டும் என்கிறது. அது இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது. தெரிந்தே இடம் கொடுத்த வீட்டுக்காரருக்கும் 25-ஆம் பிரிவின்படி அதே தண்டனை. 'அவன் ஏதோ செடி வைத்திருக்கிறான், நமக்கென்ன' என்று ஒதுங்கியிருந்த தோழன் ஒருவன் இந்தப் பிரிவுகளை முதன்முதலாகக் காவல் நிலையத்தில் கேட்க நேர்வது கொடுமை.

1985-இல் இந்தச் சட்டத்தை எழுதியவர்களின் மனத்தில் இருந்த சாகுபடி, வெட்டவெளியில் ஏக்கர்க் கணக்கில் நிகழ்வது. அன்று நீல எல்.இ.டி.யே பயன்பாட்டில் இல்லை. அது 1990-களில் வந்தது, அதற்கான நோபல் பரிசு 2014-இல் வழங்கப்பட்டது. அதே 2014-இல் மைய அரசின் நிறுவனம் மொத்தக் கொள்முதலில் ஓர் எல்.இ.டி. குமிழுக்குக் கொடுத்த விலை 310 ரூபாய். இரண்டே ஆண்டுகளில் அது 38 ரூபாய்க்கு இறங்கியது. உஜாலா திட்டத்தில் 9 வாட் குமிழ் எழுபது ரூபாய்க்கு மின்வாரிய அலுவலக வாசலிலேயே கிடைத்தது. சட்டம் கற்பனை செய்யாத ஒரு பொருள் எல்லோர் கைக்கும் எட்டியது. அதைக் கொண்டு என்ன செய்யலாம், என்ன செய்ய இயலாது என்பதைக் கற்பிக்க வேண்டிய இடம் தாவரவியல் துறை.

இங்கே ஓர் அடிப்படை வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். செடிக்கு ஒளி இரு வகையில் பயன்படுகிறது. ஒன்று செய்தியாக; மற்றது உணவாக. சாமந்தித் தோட்டத்து விளக்கு செய்தி. இலையில் உள்ள பைட்டோகுரோம் என்னும் நிறமி, இரவு முடிந்துவிட்டது என்று நம்புவதற்கு மிகக் குறைந்த ஒளியே போதும். அதனால்தான் எழுபது ரூபாய்க் குமிழ் அங்கே வெற்றி பெறுகிறது. உணவுக்கணக்கு வேறு. 9 வாட் வெள்ளைக் குமிழ் ஒன்று தரும் ஒளியைத் தாவரத்துக்கான அலகில் மாற்றினால் வினாடிக்கு ஏறத்தாழ 13 மைக்ரோமோல் வரும். அது சிதறாமல் முழுவதும் ஒரு சதுர மீட்டரில் விழுந்ததாகவே கொள்வோம். திருப்பதியின் நண்பகல் வெயில் அதே ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 2,000 மைக்ரோமோலைக் கொட்டுகிறது. நண்பகல் சூரியனுக்கு ஈடு செய்ய ஒரு சதுர மீட்டருக்கு நூற்றைம்பது குமிழ்கள் வேண்டும்.

இந்தச் சிறு வகுத்தல் கணக்கைப் போடத் தெரியாத இளைஞரைக் குறிவைத்து இணையச் சந்தையில் ஒரு வணிகமே நடக்கிறது. '1000 வாட்' என்று பெட்டியில் அச்சிட்ட ஊதாநிற விளக்கு, மின்னளவியில் பார்த்தால் நூறு வாட் அளவே இழுக்கும். செடிக்குச் சிவப்பும் நீலமும் போதும், பச்சை வீண் என்ற பழைய கதையும் அதோடு சேர்த்து விற்கப்படுகிறது. பயிர் இலைகள் பச்சை ஒளியையும் கணிசமாகப் பயன்படுத்துகின்றன என்பதை 1972-இலேயே மெக்ரீ அளந்து வெளியிட்டுவிட்டார். ஐம்பதாண்டுக்கு முந்தைய அளவீடு பாடத்திட்டத்தில் உரிய இடம் பெறாததால், விளம்பரதாரர்கள் இன்றும் அந்தக் கதையால் பிழைக்கிறார்கள்.

இனி, சூரியன் இலவசமாகக் கிடைக்கும் ஊரில் ஏன் ஒருவர் அறைக்குள் விளக்கேற்றிச் செடி வளர்க்க வேண்டும்? மே மாதத்தில் 40 பாகையைத் தாண்டும் திருப்பதியில், அடைத்த அறைக்குள் விளக்கு வைத்தால் வெப்பத்தை வெளியேற்றக் குளிர்சாதனமும் வேண்டும். வேளாண்மைக் கண்ணோட்டத்தில் இதைவிட மடமை வேறில்லை. விடை வேளாண்மையில் இல்லை, மறைவில் இருக்கிறது. கலிபோர்னியாவில் 1983-இல் ஹெலிகாப்டர் கொண்டு கஞ்சா வயல்களை அழிக்கும் இயக்கம் தொடங்கியபின் சாகுபடி பெருமளவில் கூரைக்குள் புகுந்தது. அதன் மின்செலவை ஆராய்ந்த இவான் மில்ஸ், அமெரிக்க மின்நுகர்வில் ஏறத்தாழ 1 விழுக்காடு இதற்குப் போவதாக 2012-இல் மதிப்பிட்டார். 2021-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வின்படி, அங்கே உள்ளறையில் விளையும் ஒரு கிலோ உலர்பூவுக்கு, இடத்தைப் பொறுத்து, 2.3 முதல் 5.2 டன் வரை கார்பன் டை ஆக்சைடுக்கு இணையான வாயு வெளியேறுகிறது. வெயிலில் வளரும் ஒரு களைச்செடியை இவ்வளவு விலை கொடுத்து வளர்க்கவைத்தது தாவரத்தின் தேவையன்று, தடையின் தேவை.

ஆந்திரத்திலும் அதே வரிசை தொடங்கியிருப்பதற்கான அறிகுறிகள் உண்டு. 'பரிவர்த்தனா' நடவடிக்கையில் விசாகப்பட்டின மலைப்பகுதிப் பயிர்கள் அழிக்கப்பட்டன. 2022 பிப்ரவரியில் அனகாபள்ளி அருகே ஏறத்தாழ 2 லட்சம் கிலோ கஞ்சா எரியூட்டப்பட்டது. 2024 நவம்பரில் 'ஈகிள்' என்னும் தனிப்பிரிவு அமைக்கப்பட்டது. ட்ரோன்கள் மலைச்சரிவுகளைத் துழாவுகின்றன. மறுபுறம், தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைத் தடைப்பட்டியலிலிருந்து நீக்கியபின், அங்கிருந்து 'ஹைட்ரோபோனிக்' கஞ்சா சென்னை, பெங்களூரு விமான நிலையங்களில் பிடிபடுவது வாடிக்கையாகிவிட்டது. தாய்லாந்தே 2025 ஜூனில் மருத்துவச் சீட்டின்றி விற்கக்கூடாதென்று பின்வாங்கியது. வெளிச்சாகுபடி அருகி, உள்ளறைச் சரக்கின் விலை ஏறும்போது, அடுத்த அறை எங்கே முளைக்கும் என்பதை ட்ரோன் சொல்லாது. மலைப்பழங்குடி உழவரிடம் மாற்றுப்பயிரைப் பற்றிப் பேசும் அரசுக்கு, நகரத்து மாணவனிடம் பேச எச்சரிக்கைச் சுவரொட்டியைத் தவிர வேறொன்றும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு சொற்குழப்பத்தையும் சுட்ட வேண்டும். கஞ்சாப் பேரினத்தின் நார்வகையைத் தமிழ் நாளேடுகள் 'சணல்' என்று எழுதிவிடுகின்றன. சணல் என்று தமிழர் அறிந்தது சாக்குப்பைக்கு நார் தரும் வேறொரு குடும்பத்துச் செடி. சித்தூர் உழவர் பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் சணப்பை, தெலுங்கில் ஜனுமு, அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. மூன்றையும் ஒரே சொல்லில் அடைத்தால், 'சணல் பயிரிட அனுமதி' என்ற செய்தியைப் படிக்கும் உழவர் சிரிப்பார். ஏமாற்றுக்காரர் அதைப் பயன்படுத்திக்கொள்வார். நார்க்கஞ்சா என்று நேரடியாக எழுதுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

அந்த நார்க்கஞ்சாதான் தாவரவியலுக்கு ஒளிக்காலத்துவத்தைக் கற்றுக்கொடுத்த முதல் செடிகளுள் ஒன்று என்பது வகுப்பறைகளில் பெரிதும் சொல்லப்படாத வரலாறு. பாடநூல்கள் 1920-ஆம் ஆண்டையும் கார்னர், அல்லார்டு ஆகியோரின் மேரிலாந்து மம்மத் புகையிலையையும் கொண்டு தொடங்குகின்றன. அதற்கு முன்பே, 1912 முதல் 1914 வரை, ஜூலியன் துர்னுவா என்னும் பிரெஞ்சு ஆய்வாளர் நார்க்கஞ்சாவிலும் அதன் உறவுச்செடியான ஹாப்ஸிலும் ஆய்வு செய்து, பகல் குறைவதைவிட இரவு நீள்வதே பூப்பதற்குக் காரணம் என்று ஊகித்தார். 1914-இல் உலகப்போர் அவர் உயிரைக் கொண்டுபோயிற்று. இரவுதான் கணக்கு என்பதை ஹாம்னரும் பானரும் 1938-இல் மருளூமத்தையை வைத்து நிறுவினார்கள். மருளூமத்தை சாலையோரத்துக் களை. அதில் எவரும் ஆய்வு செய்யலாம். துர்னுவாவின் செடியில் திருப்பதி மாணவர் ஒருவர் அதே ஆய்வை மீளச் செய்ய விரும்பினால், உரிமமின்றி அது பத்தாண்டுக் குற்றம்.

உரிமத்துக்கு வழியே இல்லை என்பதன்று. 8-ஆம் பிரிவே மருத்துவ, அறிவியல் நோக்கங்களுக்கு விலக்களிக்கிறது. 10-ஆம் பிரிவு, கஞ்சாச் செடி பயிரிடுவதை விதிகளின் கீழ் அனுமதிக்கவும் முறைப்படுத்தவும் மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. நார், விதை, தோட்டக்கலை ஆகியவற்றுக்காக அனுமதிக்க 14-ஆம் பிரிவு இடம் தருகிறது. உத்தராகண்டம் 2018-இல் 0.3 விழுக்காட்டு டி.எச்.சி. வரம்போடு நார்க்கஞ்சாவுக்கு உரிமம் வழங்கத் தொடங்கியது. ஜம்முவில் உள்ள அறிவியல் தொழிலக ஆய்வு மன்றத்தின் நிறுவனம் காவலிட்ட வளாகத்தில் மருத்துவ ஆய்வுக்காக இதே செடியை வளர்க்கிறது. இமாச்சலம் தன் வேளாண் பல்கலைக்கழகங்களை முன்னிறுத்திச் சோதனைச் சாகுபடிக்கு 2025-இல் இசைவளித்தது. நார்க்கஞ்சா விதையையும் விதை எண்ணெயையும் உணவாக விற்க 2021-இல் நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரவிதிகளை வெளியிட்டுவிட்டது. 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் ஆணையத்தில் கஞ்சாவை மிகக் கொடிய பட்டியலிலிருந்து நீக்க 27 நாடுகள் வாக்களித்தபோது, அவற்றுள் இந்தியாவும் ஒன்று. வெளிநாட்டில் அப்படி வாக்களித்த அரசு, உள்நாட்டுச் சட்டத்தில் ஒற்றைச் செடிக்கும் ஒரு மலைக்கும் இடையே வேறுபாடு காண இன்னும் முயலவில்லை.

இதைப் படிக்கும் சிலர் 'அப்படியானால் எல்லாவற்றையும் திறந்துவிடலாம்' என்று மகிழக்கூடும். அந்த மகிழ்ச்சிக்கு இங்கே இடமில்லை. 2019-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, 10 முதல் 75 வயது வரையுள்ளோரில் 2.8 விழுக்காட்டினர், ஏறத்தாழ 3.1 கோடிப் பேர், கஞ்சாப் பொருள்களை முந்தைய ஓராண்டில் பயன்படுத்தியிருந்தனர். இளவயதில் அதிக வீரியமுள்ள கஞ்சாவைத் தொடர்ந்து புகைப்பதற்கும் மனச்சிதைவுக்கும் உள்ள தொடர்பை மருத்துவம் பலமுறை பதிவு செய்துவிட்டது. உள்ளறைச் சாகுபடியின் நோக்கமே அந்த வீரியத்தைக் கூட்டுவது. சிவன் புகைத்தான், சித்தர் அருந்தினர் என்று தொன்மத்தைத் துணைக்கழைப்பவர்கள், தொன்மத்துச் செடியும் இன்றைய கலப்பினமும் ஒன்றல்ல என்பதை வசதியாக மறக்கிறார்கள். இயற்கை மூலிகை என்று போற்றிக்கொண்டே அதைச் சூரியனைக் காணாத அறையில், நிலக்கரி மின்சாரத்தில் வளர்ப்பதில் உள்ள முரணும் அவர்கள் கண்ணில் படுவதில்லை. சட்டம் தளர வேண்டிய இடம் தண்டனையின் அளவுமுறையும் ஆய்வுரிமமும். வாடகை அறையில் கஞ்சா வளர்ப்பதற்கு இந்தக் கட்டுரை எந்த நியாயமும் கற்பிக்கவில்லை.

ஆயினும் குறையின் பெரும்பங்கு கல்விப்புலத்தின் மீதே விழுகிறது. மலிவு விளக்கின் கீழ்ச் செடி வளர்ப்பது எப்படி என்று இணையத்தில் தேடும் மாணவனுக்கு முதலில் கிடைப்பது கஞ்சா வளர்ப்போரின் காணொளிகள்தாம். விளக்கின் உயரம், ஒளியின் அடர்த்தி, வெப்பம், காற்றோட்டம் என்று எல்லாவற்றையும் அளந்து, வாதிட்டு, பிழை திருத்தி வைத்திருப்பவர்கள் அவர்கள். கீரைக்கும் தக்காளி நாற்றுக்கும் வழி தேடிப் போனவன்கூட அந்த வாசல் வழியேதான் நுழைய நேர்கிறது. தமிழிலும் தெலுங்கிலும் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரோடு, நம்பத்தகுந்த கையேடு ஒன்று அவன் கைக்கு வருவதில்லை. ஓர் இளைஞன் தன் ஆர்வத்துக்கு ஆசிரியரைத் தேடுகிறான், ஆசிரியர் இருக்கையில் இல்லை, வேறொருவர் அமர்ந்திருக்கிறார். பிறகு அவனைக் குறை சொல்லிப் பயனில்லை.

அவனுக்குக் கொடுக்க வேலை இல்லாமலில்லை. இராயலசீமையின் பயிர் நிலக்கடலை. நாராயணி, தரணி ஆகிய இரகங்கள் திருப்பதி ஆய்வு நிலையத்திலிருந்து வந்தவை. ஒரு புதிய இரகத்தை உருவாக்கத் தலைமுறை தலைமுறையாக விதைத்துத் தேர்ந்தெடுக்கப் பல ஆண்டுகள் ஆகும். மழை பொய்க்கும் மண்ணில் அந்த ஆண்டுகள் விலைமதிப்பற்றவை. செயற்கை ஒளியால் பகலை நீட்டித் தலைமுறைகளை விரைவுபடுத்தும் முறையை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நிலக்கடலைக்கே 2013-இல் செய்து காட்டிவிட்டார்கள். 2018-இல் வெளியான ஆய்வு, நாளொன்றுக்கு 22 மணிநேர ஒளியில் கோதுமையை ஆண்டுக்கு ஆறு தலைமுறை வரை கொண்டுசெல்ல முடியும் என்று காட்டியது. அதே குழுவினர் சிறு ஆய்வகங்கள் தாமே கட்டிக்கொள்ளும் மலிவுப் பெட்டி ஒன்றின் வரைபடத்தையும் அதே ஆண்டு வெளியிட்டனர். ஐதராபாத்தில் இக்ரிசாட்டும், வாரணாசியில் பன்னாட்டு நெல் ஆய்வு நிறுவனத்தின் மையமும் பெரிய அளவில் இதைச் செய்கின்றன. திருப்பதிக்கு வேண்டியது அவ்வளவு பெரிய கூடமன்று.

நூறு வாட் உண்மையாகவே இழுக்கும் ஒரு விளக்கை நாளுக்கு 16 மணிநேரம் எரித்தால் மாதத்துக்கு 48 யூனிட். ஒரு துறைத்தலைவர் அறையின் குளிர்சாதனம் சில நாள்களில் தின்றுவிடும் மின்சாரம் அது. இயற்பியல் துறை ஒளியளவியைக் கொண்டுவரலாம். மின்னணுவியல் மாணவர்கள் நேரக்கட்டுப்பாட்டை அமைக்கலாம். தாவரவியலாரும் வேளாண் கல்லூரியாரும் விதையும் வினாவும் கொண்டுவரலாம். எழுபது ரூபாய்க் குமிழ் செய்தியாக எங்கே போதும், உணவாக எங்கே தோற்கும் என்பதை முதலாண்டு மாணவர்களே சாமந்தியிலும் நிலக்கடலையிலும் அளந்து வரைபடமாக்கலாம். சாமந்தி உழவருக்கும் அதில் பயனுண்டு. இரவு முழுதும் எரிக்கும் விளக்கை எத்தனை மணிநேரமாகக் குறைக்கலாம் என்ற விடை அவருடைய மின்கட்டணத்தில் தெரியும்.

நார்க்கஞ்சாவைப் பொறுத்தவரை, 10-ஆம் பிரிவின் கீழ் ஓர் ஆய்வு விதியை இயற்ற நாடாளுமன்றம் வேண்டியதில்லை, அமராவதி போதும். பூட்டிய அறை, பதிவேடு, காவல்துறையின் மேற்பார்வை, குறைந்த டி.எச்.சி. விதை, அறுவடைக்குப் பின் சாட்சிகள் முன்னிலையில் அழிப்பு என நிபந்தனைகள் எவ்வளவு கடுமையாகவும் இருக்கலாம். விண்ணப்பம் மாணவனிடமிருந்து வர முடியாது. பல்கலைக்கழகப் பதிவாளரின் கையொப்பத்தோடு வர வேண்டும்.